தொகுப்பானும் எண்ணின் மெய்மையும்: எண்சார் மென்பொருள் வரலாற்றில் ஒரு சிக்கல்

ஏகபரிமாணச் சமன்பாடுகளையும் ஐகன் பெறுமானங்களையும் கணிப்பதற்கெனப் போட்ரான் மொழியில் எழுதப்பெற்று 1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட லாபாக் நூலகம், இன்றைய விஞ்ஞானக் கணிப்புகளுக்கெல்லாம் அடித்தளமாக விளங்குவது. இந்நூலகத்தைத் தம் கணனியில் நிறுவ முற்பட்டோர் அதன் அமைவுக் கோப்பில் விந்தையானதொரு பிரிவினையைக் கண்டிருப்பர். நூலகத்தின் பெரும்பகுதியைத் தொகுப்பான் தன் முழு ஆற்றலையும் செலுத்தி வேகமுறச் செய்யலாம்; ஆனால் ‘டி-லாம்ச்’ முதலான மிகச் சில துணைநிரல்களை மட்டும் எவ்வித உகப்பாக்கலும் இன்றி, எழுதியது எழுதியவாறே, இயந்திர மொழிக்கு மாற்றுதல் வேண்டும். இவ்விதியைக் கவனியாது விட்டவர் சிலரது கணனிகளிற் செய்நிரல் முடிவின்றிச் சுழன்று நின்றது. வேறு சிலரிடத்து அது விரைந்து முடிந்து பிழையான விடையைத் தந்தது. பின்னையதே கொடியது என்பது நம் கருத்து. நின்றுபோன செய்நிரலை எவரும் ஐயுறுவர். விடை தந்த செய்நிரலை ஐயுறுவோர் அரியர்.

வேகத்துக்காகவே ஆக்கப்பட்ட ஒரு நூலகம் தன் ஒரு பகுதிக்கு வேகத்தை விலக்க நேர்ந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை காணத் தொகுப்பானின் தோற்றக் காலத்துக்கே நாம் செல்லவேண்டியுள்ளது.

ஐ.பீ.எம். நிறுவனத்திற் பணியாற்றிய ஜோன் பக்கஸ், 1953ஆம் ஆண்டின் இறுதியில், கணிதக் குறியீட்டை ஒத்த மொழியில் எழுதப்படும் செய்நிரலை இயந்திரமே தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளும் திட்டமொன்றை முன்வைத்தார். அக்காலச் செய்நிரலாளர் இதனை நம்பவில்லை. மனிதன் கையால் எழுதும் இயந்திரக் கட்டளைகளின் நேர்த்தியை ஓர் இயந்திரம் எங்ஙனம் எய்தும் என்பது அவர்தம் வினா. பக்கஸ் குழுவினரும் இவ்வச்சத்தை உணர்ந்தே இருந்தனர். போட்ரான் தரும் செய்நிரல், கையால் எழுதியதன் அரைப்பங்கு வேகத்திலேனும் ஓடாதொழியின் அதனை எவரும் ஏற்கமாட்டார் என அவர்கள் கருதினர். ஆகவே மொழியின் வடிவமைப்பினும் பார்க்க உகப்பாக்கலிலேயே அவர்தம் உழைப்பிற் பெரும்பகுதி கழிந்தது. ஐ.பீ.எம். 704 கணனியிற் சுட்டிப் பதிவகங்கள் மூன்றே இருந்தன. அவற்றை எச்சுழற்சிக்கு எப்பொழுது ஒதுக்குவது எனத் தீர்மானிக்க, செய்நிரலின் எப்பகுதி எத்தனை முறை இயங்கும் என்பதைத் தொகுப்பானே எழுமாற்று முறையிற் போலியாக ஓட்டி மதிப்பிட்டது. லொயிஸ் ஹெய்ப்ற் என்னும் அம்மையார் இப்பகுதியை ஆக்கினார். ஆறு மாதங்களில் முடியும் என எதிர்பார்க்கப்பட்ட பணி 1957 ஏப்ரலிலேயே நிறைவெய்தியது. வேகம் பற்றிய ஐயம் அதனோடு பெரிதும் அகன்றது.

ஆயின் ஒரு குறை எஞ்சியது. முதலாவது போட்ரானிற் செய்நிரல் முழுவதும் ஒரே தொகுதியாகவே தொகுக்கப்படல் வேண்டும். துளையட்டைக் கட்டிலுள்ள ஓர் அட்டையிற் பிழை நேரினும் முழுக்கட்டையும் மீளத் தொகுக்க வேண்டியிருந்தது. கணனி நேரமோ பெருஞ் செலவுடையது. 1958இல் வந்த போட்ரான் இரண்டு இதற்கு வழி கண்டது. துணைநிரல்களைத் தனித்தனியே தொகுத்து வைத்துப் பின்னர் இணைத்துக்கொள்ளலாம் என்பதே அவ்வழி. உழைப்பையும் செலவையும் மிச்சப்படுத்த எழுந்த இவ்வேற்பாடு, எவரும் திட்டமிடாத பிறிதொரு விளைவையும் தந்தது. தனியே தொகுக்கப்படும் துணைநிரலுக்குள் யாது நிகழ்கின்றது என்பதை அதனை அழைக்கும் செய்நிரலைத் தொகுக்குங்காற் தொகுப்பான் அறியாது. எனவே துணைநிரலின் எல்லை ஒரு மதிலாயிற்று. உகப்பாக்கல் அம்மதில் வரையுமே செல்லும், அப்பாற் செல்லாது. எண்சார் மென்பொருள் எழுதியோர் இம்மதிலை எங்ஙனம் தமக்குப் புகலிடமாக்கிக் கொண்டனர் என்பதே இவண் நாம் எடுத்துக்காட்ட விரும்புவது.

அவர்களுக்குப் புகலிடம் வேண்டியிருந்தமைக்குக் காரணம் எளிது. கணிதத்திற் கூட்டல் சேர்த்திவிதிக்கு அமைவது. கணனியின் மிதக்கும் புள்ளிக் கூட்டல் அதற்கு அமையாது. ஒவ்வொரு செயலின் பின்னும் விடை மட்டந்தட்டப்படுவதால் எதனை முதலிற் கூட்டுகின்றோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். கஹான் 1965இல் வெளியிட்ட கூட்டல் முறை இதற்குத் தக்க உதாரணம். ஒரு கூட்டுத்தொகையுடன் சிறிய எண்ணொன்றைச் சேர்த்து, பெற்ற தொகையிலிருந்து பழைய தொகையைக் கழித்து, அதிலிருந்து மீண்டும் அச்சிறிய எண்ணைக் கழித்தால், மட்டந்தட்டலில் இழந்த பகுதி கையில் வரும். அதனை அடுத்த படியில் ஈடுசெய்யலாம். கணிதம் மட்டும் அறிந்த தொகுப்பான் இக்கோவையைக் காணின், இது பூச்சியமேயன்றோ என முடிவுசெய்து அதனை நீக்கிவிடும். செய்நிரல் வேகமாக ஓடும். முறையின் உயிர்நிலையோ போய்விடும். கணிதவிதிப்படி தொகுப்பான் செய்தது சரி. கணனியின் எண்கணிதப்படி அது தவறு.

மொழித் தராதரங்கள் இவ்விடயத்தில் ஒருமித்த நிலைப்பாட்டை மேற்கொள்ளவில்லை. போட்ரான் 77, கணிதரீதியிற் சமமான எக்கோவையையும் மாற்றாகக் கணிக்கத் தொகுப்பானுக்கு உரிமை தந்தது. ஆயின் அடைப்புக்குறிகளை மீறலாகாது என வரையறுத்தது. 1978இல் நூல்வடிவில் விவரிக்கப்பட்ட சீ மொழியோ கூட்டல் பெருக்கல்களில் அடைப்புக்குறியையும் மதிக்கவில்லை. 1989இன் தராதரமே அதனைத் திருத்தியது. பத்தாண்டுக் காலம் அம்மொழியில் எண்சார் செய்நிரல் எழுதியோர் இடைப்பெறுமானங்களைத் தனி மாறிகளிலிட்டுக் காக்க வேண்டியதாயிற்று.

இனி டி-லாம்ச் துணைநிரலுக்கு வருவோம். எழுபதுகளிற் கணனிகளின் எண்கணிதம் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டிருந்தது. 1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பீ.எம். 360 வரிசை 16ஐ அடியாகக் கொண்டது. அதன் இரட்டைச் செம்மைக் கணிதத்திற் காப்பிலக்கம் முதலில் இல்லாமையால் எழுந்த முறைப்பாடுகளின் பின்னர், களத்திலிருந்த கணனிகளையே அந்நிறுவனம் மாற்றியமைக்க வேண்டி நேர்ந்தது. சீ.டீ.சீ. 6600 கணனியின் சொல் 60 துவித இலக்கங்கள் கொண்டது. 1976இன் கிரே-1 கணனியிற் கழித்தலுக்குக் காப்பிலக்கம் கிடையாது. எல்லாக் கணனிகளிலும் ஓடவேண்டிய நூலகம், தான் ஓடும் கணனியின் செம்மை எவ்வளவு என்பதை எங்ஙனம் அறியும்? கணனியையே வினவி அறியலாம் என மல்கம் 1972இல் ஒரு வழி காட்டினார். ஒன்றை இரட்டித்துக்கொண்டே செல்க. ஒவ்வொரு முறையும் அதனுடன் ஒன்றைக் கூட்டி, பின்னர் அவ்வெண்ணையே கழித்துப் பார்க்க. விடை ஒன்றாக இல்லாத முதற் கட்டத்தில், கூட்டிய ஒன்று மட்டந்தட்டலில் மறைந்தது எனக் கொள்க. எத்தனை முறை இரட்டித்தோம் என்பதிலிருந்து செம்மை புலப்படும். ஜென்ற்ல்மன், மரோவிச் ஆகியோர் 1974இல் இதனை மேலும் திருத்தினர். லாபாக் ஆக்கியோர் இம்முறையையே டி-லாம்ச்சின் உள்ளே வைத்தனர்.

இச்சோதனை தொகுப்பானின் கண்ணிற் படின் யாது நிகழும் என்பதை வாசகர் ஊகித்திருப்பர். ஓர் எண்ணுடன் ஒன்றைக் கூட்டி அவ்வெண்ணையே கழித்தால் விடை எப்பொழுதும் ஒன்றே எனக் கணிதவிதிகளை மட்டும் நம்பும் தொகுப்பான் துணியும். சுழற்சி முடிவு காணாது. இதனைத் தடுக்கவே, இரண்டு எண்களைக் கூட்டித் திருப்பித் தருவதன்றி வேறெதுவும் செய்யாத ‘டி-லாம்ச்-3’ என்றொரு துணைநிரல் எழுதப்பட்டது. இரு எண்களும் கூட்டலுக்கு முன் பதிவகத்தில் தங்கிவிடாது நினைவகத்தில் எழுதப்படல் வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்று அதன் தலைப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது. கூட்டற்குறி ஒன்று செய்யும் வேலைக்கு ஒரு துணைநிரல்! 1958இல் எழுந்த மதிலின் பின்னால் எண்கணிதம் இங்ஙனம் ஒளிந்துகொண்டது.

மதில் நெடுநாள் நிலைக்கவில்லை. தொகுப்பான்கள் சிறு துணைநிரல்களை அழைக்கும் இடத்திலேயே விரித்துப் பதிக்கக் கற்றன. ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருந்த டி-லாம்ச்-3 முதலிற் பலியாயிற்று. அழைப்பு மறைந்தது, அதனோடு நினைவகத்துக்கு எழுதும் கட்டாயமும் மறைந்தது. உகப்பாக்கல் வேண்டா என்னும் விதியே அதன்பின் எஞ்சிய காப்பு.

பதிவகத்தில் தங்குவதால் என்ன கேடு என வினவலாம். 1980இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 8087 என்னும் எண்கணிதச் சில்லின் பதிவகங்கள் 80 துவித இலக்கங்கள் அகலமானவை. அவற்றுள் எண்ணின் முதன்மைப் பகுதிக்கு 64 இலக்கங்கள் உள. நினைவகத்தில் வைக்கப்படும் இரட்டைச் செம்மை எண்ணிலோ 53 மட்டுமே உள. இவ்விரிந்த பதிவகம் கஹானின் ஆலோசனையோடு எழுந்தது. அவரும் பிறரும் முன்னின்று வகுத்த ஐ.ஈ.ஈ.ஈ. 754 தராதரமும் 1985இல் அதனை அனுமதித்தது. இடைக்கணிப்புகள் கூடிய செம்மையில் நடைபெறின் நன்மையே என்பது அதன் உட்கருத்து. கருத்திற் பிழையில்லை. ஆனால் எவ்வெண் பதிவகத்தில் இருக்கும், எவ்வெண் நினைவகம் சென்று குறுகி மீளும் என்பதைத் தீர்மானித்தது செய்நிரலாளன் அன்று, தொகுப்பானே. உகப்பாக்கல் இன்றித் தொகுத்தால் ஒரு விடை, உகப்பாக்கலுடன் தொகுத்தால் வேறொரு விடை. பிழையைக் காண இடையில் ஓர் அச்சிடும் கட்டளையைச் சேர்த்தால், அதன் பொருட்டு எண் நினைவகத்துக்குச் சென்று, பிழையே மறைந்துவிடும். இவ்வகை முறைப்பாடுகள் ஜீ.சீ.சீ. தொகுப்பானின் வழுப்பட்டியலில் 2000ஆம் ஆண்டிற் பதிந்த 323ஆம் இலக்கத்தின் கீழ்ப் பல்லாண்டுகள் குவிந்தன. ஒரே வழு பலமுறை முறையிடப்பட்டு, ஒவ்வொரு முறையும் அவ்விலக்கத்துக்கே திருப்பப்பட்டது. டி-லாம்ச் சோதனை அகன்ற பதிவகத்தினுள் நடந்தால், அலகுச் செம்மை 2இன் அடுக்கு -53 என்பதற்குப் பதிலாக -64 எனக் கூறும். இன்னும் எத்துணை நுண்மை எஞ்சியுள்ளது என்று அப்பெறுமானத்தைக் கொண்டே தீர்மானிக்கும் ஐகன் பெறுமானச் சுழற்சிகள், நினைவகத்தில் எய்தவே இயலாத செம்மையைத் தேடி அலையலாயின.

2000இல் வெளிவந்த பென்ரியம் 4 முறைவழியாக்கியின் புதிய பதிவகங்கள் இரட்டைச் செம்மையை அதன் அகலத்திலேயே கணித்தன. அதனை அடுத்து 64 துவித இலக்கக் கணனிகள் பரவவே இக்கேடு பெரிதும் ஓய்ந்தது. போட்ரான் 90 தராதரம், இயந்திரத்தின் செம்மையைத் தொகுப்பானிடமே கேட்டறியும் உட்கூறுகளைத் தந்திருந்தது. லாபாக்கும் பிற்பதிப்புகளில் அவற்றை ஏற்று மல்கமின் சோதனையைக் கைவிட்டது. ஒளிந்து கேட்டறிந்ததை வெளிப்படையாகக் கேட்கும் உரிமை இவ்வாறு கிடைத்தது.

வேகத்தின் பக்கத்தில் நடந்தது இதற்கு மறுதலையானது. 1979இல் வெளிவந்த லின்பாக் நூலகமும் அதற்கு அடிப்படையான பிளாஸ் துணைநிரல்களும் உள்ளகச் சுழற்சிகளைக் கையாலேயே நான்கு, ஐந்து படிகளாக விரித்தெழுதியிருந்தன. அன்றைய தொகுப்பான்களுக்கு அது துணையாயிற்று. பின்வந்த காவிக் கணனிகளின் தொகுப்பான்களோ விரித்த சுழற்சியை இனங்காண மாட்டாது இடர்ப்பட்டன. தொகுப்பானுக்கென எழுதிய உதவி தொகுப்பானுக்கே தடையாவதை இதனிற் தெளிவாக வேறெங்கும் காண்டல் அரிது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வேலியும் டொங்கராவும் ஆக்கிய அற்லஸ், தொகுப்பானிடம் தீர்மானத்தை விடாது, நிறுவும்போதே தாயப் பெருக்கத்தைப் பல வடிவங்களில் ஆக்கி ஓட்டி, நேரம் அளந்து, விரைவானதைத் தெரிந்துகொண்டது. இதனால் நிறுவுதல் நெடுநேரம் பிடித்தது. மின்சிக்கனத்தின் பொருட்டு வேகத்தைத் தானே குறைக்கும் முறைவழியாக்கிகளில் அளவீடுகள் பொய்த்தன. தொகுப்பானின் பதிப்பு மாறினாலும் பயன் மாறிற்று. ஜீ.சீ.சீ.யின் நான்காம் பதிப்பு மூன்றாம் பதிப்பினும் தாழ்ந்த வேகத்தைத் தருவதாக வேலி 2006இல் முறையிட நேர்ந்தது.

மெய்மையின் சிக்கலும் முற்றாக ஓயவில்லை. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே மட்டந்தட்டலிற் செய்யும் இணைந்த கட்டளை 1990இல் ஐ.பீ.எம். ஆர்.எஸ்./6000 கணனியில் வந்தது. 2013 முதல் இன்ரெல் முறைவழியாக்கிகளிலும் இடம்பெற்றது. இக்கட்டளையுள்ள கணனிக்குத் தொகுக்கும்போது ஜீ.சீ.சீ. வேறு ஆணை இல்லாவிடின் அதனைத் தானே புகுத்தும். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அதே வர்க்கத்தைக் கழித்தால் பூச்சியம் வரவேண்டும். ஒரு பெருக்கம் மட்டந்தட்டப்பட்டும் மற்றையது தட்டப்படாதும் இருப்பின் மிகச் சிறிய எச்சம் தோன்றும். அது மறையெண்ணாயின் அதன் வர்க்கமூலம் கேட்கும் செய்நிரல் தடுமாறும்.

துணைநிரலின் மதில் வீழ்ந்ததைக் கண்டோம். நூலகங்களுக்கிடையிலான மதிலும் எவ்வாறு வீழ்ந்தது என்பதைக் குறிப்பிடாதொழியின் இவ்வரலாறு குறையுடையதாகும். ‘வேகக் கணிதம்’ என்னும் தெரிவுடன் ஜீ.சீ.சீ. இணைத்து ஆக்கும் பகிர்வு நூலகம், உள்ளேற்றப்பட்ட உடனே முறைவழியாக்கியின் நிலையை மாற்றி, மிகச் சிறிய எண்களைப் பூச்சியமாக்கும்படி பணிக்கும் ஒரு துணுக்கையும் தன்னுடன் கொண்டுவந்தது. அந்நிலை நூலகத்தோடு நில்லாது. அதனை உள்ளேற்றிய செய்நிரலும், அதனோடு எவ்விதத் தொடர்புமற்ற பிற கணிப்புகளும், தாம் கேளாமலே தம் சிற்றெண்களை இழந்தன. தன் செய்நிரலை எத்துணைக் கவனத்தோடு தொகுத்தவனும் பிறன் தெரிவுசெய்த வேகத்துக்கு விலை கொடுத்தான். பகிர்வு நூலகங்களில் அத்துணுக்கை இணைக்கும் வழக்கத்தை ஜீ.சீ.சீ. 2023இல் வெளிவந்த தன் 13ஆம் பதிப்பிலேயே கைவிட்டது. அதற்கு முற்பட்ட பதிப்புகளால் ஆக்கப்பட்ட நூலகங்கள் மீளத் தொகுக்கப்படும் வரை அத்துணுக்கைத் தம்முள் கொண்டேயிருக்கும்.