பாட்னாவில் ஒரு போலீஸ் வாத்தியார்

‘சூப்பர் 30’ படம் பார்த்திருப்பீங்க. 2019ல வந்தது, ஹிருத்திக் ரோஷன் நடிச்சது. பாட்னாவில் ஏழைப் பசங்க 30 பேருக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, காசு வாங்காம ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குத் தயார் பண்ணும் கணக்கு வாத்தியார் ஆனந்த் குமாரின் கதை. ஆனா வெறும் கணக்கை வெச்சு ஐ.ஐ.டி.க்குள்ள போக முடியாதுன்னு அந்தப் பரீட்சையை எழுதின எல்லாருக்கும் தெரியும். பிசிக்ஸ் வேணும். அங்கே பிசிக்ஸ் நடத்தியவர் ஒரு போலீஸ் அதிகாரி. பெயர் அபயானந்த். 1977 பேட்ச் ஐ.பி.எஸ்., பீகார் கேடர். இன்னைக்கு எபிசோட் அவரைப் பற்றி.

இதை நான் எடுக்க ஒரு சொந்தக் காரணம் இருக்கு. பிளஸ் டூ படிக்கும்போது என்னைக் கோயம்புத்தூரில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்த்தாங்க. அப்பா கட்டின ஃபீஸ் ஒரு லட்சத்துக்கும் மேல. என் பக்கத்து பெஞ்சுல ஒரு நண்பன், லேத் பட்டறைக்காரர் மகன். சென்டரில் எனக்குக் கொடுத்த புத்தகங்களை ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போவான். கப்பிக் கணக்கு, சாய்தளக் கணக்கு எல்லாம் மறுநாள் அவன்தான் எனக்குச் சொல்லித் தருவான். நான் ஜே.இ.இ. எழுதினேன், ஐ.ஐ.டி. கிடைக்கல. அவன் எழுதவே இல்ல. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி முடிஞ்ச பிறகுதான் அப்படி ஒரு தேதி இருந்ததே அவனுக்குத் தெரிஞ்சது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். முதல் ஐ.ஐ.டி. 1951ல் கரக்பூரில் தொடங்கியது. பொது நுழைவுத் தேர்வு 1960களின் தொடக்கத்தில் வந்தது. பரீட்சை வந்தா பின்னாடியே பயிற்சியும் வரும். 1970ல் நம்ம சென்னையில் ஆரம்பிச்ச பிரில்லியன்ட் டுடோரியல்ஸ், பாடங்களைத் தபாலில் அனுப்பியே நாடு முழுக்கப் பேர் வாங்கினது. உங்க மாமா, சித்தப்பா யாராவது இன்னும் அந்தப் புத்தகங்களைப் பரணில் வெச்சிருக்கலாம். அப்புறம் ராஜஸ்தானின் கோட்டா. ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் இன்ஜினியரா இருந்த வி.கே. பன்சால், தசைநோய் வந்து நடமாட்டம் குறைய, வீட்டிலேயே பசங்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சார். ஒரு ஊரே கோச்சிங் ஊராக மாறினதுக்கு விதை அதுதான். தபால் பாடம் காசுக்கு அடங்கும். கோட்டா அப்படியில்ல. ஊர்விட்டு ஊர் போகணும், விடுதியில் தங்கணும், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ வேற வேலை எதுவும் செய்யாம படிக்கணும்.

அந்த ஒரு வருஷத்தை யார் கொடுப்பாங்க? ‘சூப்பர் 30’ பதில் சொன்னது இந்தக் கேள்விக்குத்தான்னு நான் நினைக்கிறேன்.

அபயானந்த் பாட்னா சயின்ஸ் காலேஜில் பிசிக்ஸ் படிச்சவர். அவருடைய அப்பாவும் பீகாரின் டி.ஜி.பி.யாக இருந்தவர். சொந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் இவர் மறுபடி பிசிக்ஸுக்குள்ள வந்தார். ஆனந்த் குமார் நடத்திய ராமானுஜன் ஸ்கூல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸில், காக்கிச் சட்டை வேலை போக மிச்ச நேரத்தில் வகுப்பெடுத்தார். (கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் பரீட்சையில் தோத்தவர் பெயர், பாட்னாவில் ஒரு பரீட்சைப் பயிற்சிப் பள்ளிக்கு! எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு.) 2002ல் இருவரும் சேர்ந்து ‘சூப்பர் 30’ஐத் தொடங்கினாங்க. சமையல் ஆனந்த் குமாரின் அம்மா.

முதல் பேட்சில், 2003ல், 30 பேரில் 18 பேர் தேறினாங்க. அடுத்த வருஷம் 22, அதற்கடுத்து 26. 2006ல் கோச்சிங்கின் பிடியைக் குறைக்கணும்னு பரீட்சையையே மாத்தினாங்க. பக்கம் பக்கமா எழுதுறது போய், விடையைத் தேர்வு செய்யும் முறை வந்தது. ரெண்டு தடவைக்கு மேல எழுதக்கூடாதுன்னும் விதி வந்தது. அந்த வருஷம் 28. அடுத்த வருஷமும் 28. 2008ல் 30க்கு 30. ஆறு வருஷத்தில் 180 பேரில் 152 பேர்.

என் இன்ஜினியர் மூளை இங்கே ஒரு சந்தேகத்தைக் கிளப்புது. ஆயிரக்கணக்கான பேரில் 30 பேரைப் பொறுக்கி எடுத்தா, யார் பாடம் நடத்தினாலும் பாஸ் ஆக மாட்டாங்களா? இது பயிற்சியின் வெற்றியா, வடிகட்டியின் வெற்றியா? இந்தச் சந்தேகம் நியாயமானதுதான். கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு அவரோட இன்னொரு வேலையைப் பார்ப்போம்.

2005 நவம்பரில் நிதிஷ் குமார் முதல்வரான பிறகு, போலீஸ் தலைமையகத்தில் ஏ.டி.ஜி.யாக இருந்த அபயானந்த் ஒரு வழி கண்டுபிடிச்சார். கொலை வழக்குகளில் சாட்சிகள் பயந்து பிறழ்ந்துடுவாங்க. ஆனா சட்டவிரோதத் துப்பாக்கியோட பிடிபட்ட வழக்கில் சாட்சியே போலீஸ்காரர்தான். அவர் பயந்து மாத்திச் சொல்லப் போறதில்ல. அதனால ஆயுதச் சட்ட வழக்குகளை முதலில் எடுங்க, வேகமா விசாரிச்சு முடிங்கன்னார். ஒரே வருஷத்தில் ஆயிரக்கணக்கானவங்களுக்குத் தண்டனை கிடைச்சது. கவனிச்சீங்களா? இது அப்படியே ஜே.இ.இ. ஹாலில் உட்கார்ந்திருக்கிற ஆளோட புத்தி. தாள் கையில வந்ததும் கஷ்டமான கேள்வியில மாட்டிக்காதே, நிச்சயமா மார்க் வர்றதை முதலில் போடு.

2008ல் அவரும் ஆனந்த் குமாரும் பிரிஞ்சாங்க. யாருக்கு எவ்வளவு பெருமைங்கிற பஞ்சாயத்துக்குள்ள நான் போகல. எனக்கு முக்கியம் அதுக்கப்புறம் நடந்தது. முங்கேர் கான்காவின் மௌலானா வலி ரஹ்மானியோட சேர்ந்து, முஸ்லிம் மாணவர்களுக்காக ‘ரஹ்மானி 30’ஐ ஆரம்பிச்சார். 2006ல் வந்த சச்சார் குழு அறிக்கையை நினைச்சுப் பாருங்க. மக்கள்தொகையில் 13 சதவீதத்துக்கு மேல இருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ்.ஸில் 3 சதவீதம், ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவீதம்தான். ரஹ்மானி 30இன் முதல் பேட்ச் 2009ல் எழுதியது. எழுதினவங்க 10 பேர், தேறினவங்களும் 10 பேர்.

இப்போ அந்தச் சந்தேகத்தைத் திரும்ப எடுப்போம். வேற கட்டடம், வேற கூட்டாளி, வேற சமூகத்துப் பசங்க. அதே மாதிரி ரிசல்ட். வடிகட்டி இங்கேயும் இருந்தது, அதை மறுக்கல. ஆனா வடிகட்டினா ஏதாவது நிக்கணும்னா, அது ஏற்கெனவே அங்கே இருந்திருக்கணும் இல்லையா? அந்தப் பத்துப் பேரும் முந்தின வருஷமும் பீகாரில்தான் இருந்தாங்க. யாரும் தேடிப் போகல. அவர் பாடம் நல்லாத்தான் நடத்தியிருப்பார். ஆனா தேடிப் போனதைத்தான் நான் பெரிசா மதிக்கிறேன். 30 பேரும் 10 பேரும் ரொம்பச் சின்ன எண்ணிக்கைங்கிறதும் உண்மை. ஒரு மாநிலத்துக்கு அது எந்த மூலைக்கு?

2011 முதல் 2014 வரை அபயானந்த் பீகாரின் டி.ஜி.பி. ஓய்வுக்கு அப்புறமும் பாடம் எடுக்கிறதை விடல.

இந்த எபிசோட் ஸ்க்ரிப்டை ரெக்கார்டிங்குக்கு முன்னாடி என் நண்பனுக்கு அனுப்பினேன். இப்போ பட்டறையை அவன்தான் பார்த்துக்கிறான், ரெண்டு சி.என்.சி. மெஷின் போட்டிருக்கான். ராத்திரி போன் பண்ணினான். “நல்லாருக்குடா. ஆனா ஒண்ணு சொல்லு. அந்த முப்பது பேரை எப்படி எடுத்தாங்க?”

“பரீட்சை வெச்சுத்தான்டா.”

“அந்தப் பரீட்சைக்குக் கடைசித் தேதி என்னைக்குன்னு அவங்களுக்கு யார்டா சொன்னது?”