வழிப்போக்கர் குறிகள்: சில குறிப்புகள்

போன ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டு காம்பவுண்டுச் சுவரில் சாக்பீஸ் குறி இருந்தது. ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் ஏதோ எண். பத்து நிமிஷத்தில் தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது. "இது திருடர்கள் போடும் ரகசியக் குறி, வட்டம் போட்டால் பொம்பளைங்க மட்டும் இருக்கும் வீடுன்னு அர்த்தம்" என்று யாரோ எங்கிருந்தோ வந்த செய்தியை அனுப்பினார்கள். அன்றைக்குன்னு பார்த்து அம்மி, ஆட்டாங்கல் கொத்துகிற பெரியவர் ஒருத்தர் கூவிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் அவரை நிறுத்தி, பையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். உளி, சுத்தியல், ஒரு துண்டு, தண்ணி பாட்டில். அவ்வளவுதான். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

மத்தியானம் உண்மை தெரிந்தது. முந்தின நாள் கொசுப்புழு பார்க்க வந்த பணியாளர்கள் தொட்டி சோதித்த வீடுகளுக்குப் போட்ட அடையாளம் அது. எண் என்பது தேதி.

அந்த வெட்கத்தில்தான் இந்தக் குறிப்புகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். வழிப்போக்கர்கள் ஒருத்தருக்கொருத்தர் குறி விட்டுப் போவது உண்மையா? உண்மையென்றால், யார் யாருக்கு விட்டார்கள்?

இந்த விஷயத்தில் உலகத்தில் ரொம்பப் பேர் பேசுவது அமெரிக்க 'ஹோபோ'க்களைப் பற்றி. 1865-இல் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தது. ரயில் பாதைகள் நாடு முழுக்க நீண்டன. வேலை தேடி சரக்கு ரயிலில் திருட்டுத்தனமாக ஏறிப் போன கூலிகள்தான் ஹோபோ. வேலை செய்கிற நாடோடி ஹோபோ, வேலை செய்யாமல் சுற்றுகிறவன் வேறு என்று அவர்களே கறாராகப் பிரித்துச் சொல்வார்கள். வேலிக் கம்பத்தில் பூனைப் படம் கீறியிருந்தால் அந்த வீட்டம்மா நல்ல மனசுக்காரி, சிலுவை இருந்தால் சாமி பற்றிப் பேசினால் சோறு கிடைக்கும் என்று ஒரு பெரிய பட்டியலே உண்டு.

ஆனால் இந்தப் பட்டியலில் எவ்வளவு நிஜம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். பத்திரிகைக்காரர்களும், ஹோபோவாக இருந்து எழுத்தாளர் ஆனவர்களும் ஊதிப் பெரிதாக்கியது நிறைய. சந்தேகமில்லாமல் அவர்கள் விட்டுப்போனது வேறு ஒன்று: பெயர். ஜாக் லண்டன் 1907-இல் வெளியிட்ட தன் நாடோடி நாட்களைப் பற்றிய நூலில் இதைச் சொல்கிறார். ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டியில் தன் பட்டப்பெயர், தேதி, போகிற திசை மூன்றையும் கத்தியால் செதுக்கிவிட்டுப் போவார்கள். பின்னால் வருகிற கூட்டாளிக்கு, 'நான் இங்கே இருந்தேன், இந்தப் பக்கம் போகிறேன்' என்ற செய்தி. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம்.

தருமபுரி மாவட்டத்தில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் கற்கள் கிடைத்திருக்கின்றன. 'நாவல் தாவளம்' என்ற ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்று சொல்கிற கற்கள். தாவளம் என்றால் வணிகச் சாத்துகள் தங்கும் இடம். அதில் ஒரு கல்லில் 29 காதம் என்று பொறித்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. அதே கல்லில் இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி ஒவ்வொன்றும் பத்து, சின்னக் குழி ஒவ்வொன்றும் ஒன்று. எழுத்துத் தெரியாதவனும் எண்ணிக்கொள்ளலாம். இருட்டிவிட்டால் விரலால் தடவிக்கூடப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றும். எழுத்துப் படிக்கிறவனுக்கு ஒரு வரி, படிக்காத வண்டிக்காரனுக்குப் பதினோரு குழி. சாலை போட்டவனுக்கு, அதில் யார் நடக்கிறார்கள் என்று தெரிந்திருக்கிறது.

கோயமுத்தூருக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் வெட்டியிருக்கும் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டும் இதே ரகம்தான். முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, 9-ஆம் நூற்றாண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகிற பாதை அது. ஒரே வெண்பாவைத் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் இரண்டு தடவை வெட்டியிருக்கிறார்கள். கிழக்கே இருந்து வருகிறவனுக்குத் தமிழ் எழுத்து பழக்கம், சேர நாட்டுப் பக்கமிருந்து வருகிறவனுக்கு வட்டெழுத்து பழக்கம். இரண்டு பேருக்கும் புரியட்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போனால் சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் கொடுமணல். 1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு தொடங்கியது. இரும்பு உருக்கியதற்கும், மணி செய்ததற்கும் சான்றுகள் கிடைத்தன. தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அதில் பிராகிருதப் பெயர்களும் உண்டு, அதாவது வடக்கே இருந்து வந்து போனவர்களும் இங்கே பானை வைத்திருந்தார்கள். எழுத்தே இல்லாத கீறல் குறிகளும் ஏராளம். பானையில் பெயர் கீறியது 'இது என்னுது' என்று சொல்லத்தான், வழி சொல்ல இல்லை. ஆனாலும் தண்ணீர்த் தொட்டியில் பெயர் செதுக்கின ஹோபோவும், கொடுமணல் பானைக்காரனும் விட்டுப்போனது ஒன்றேதான். பெயர்.

இதெல்லாம் அரசனும் வணிகனும் விட்டது. சாதாரண ஆளுக்கு என்ன இருந்தது?

எங்கள் அப்பாரு வண்டி ஓட்டியவர். வெள்ளகோவிலில் இருந்து கரூருக்கும் காங்கயத்துக்கும் பாரம் கொண்டுபோவார். நம் பக்கத்து இட்டேரி தெரியுமில்லையா? இரண்டு பக்கமும் கொறங்காட்டுக் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற தடம். உள்ளே இறங்கிவிட்டால் அடுத்த வளைவு தெரியாது, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. தடம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் முன்னால் போகிற வண்டிக்காரர் ஒரு வேப்பந்தழையை ஒடித்துப் போட்டு, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைப்பாராம். காம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகணும். "தழை வாடியிருந்தா அவங்க வெகு தூரம் போயிட்டாங்கன்னு அர்த்தம் கண்ணு, பச்சையா இருந்தா மாட்டைத் தட்டி ஓட்டினா புடிச்சரலாம்" என்பார். ஒரே தழையில் வழியும் நேரமும்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு ஆச்சரியம். ஐரோப்பாவின் ரோமா நாடோடி மக்கள் முச்சந்தியில் இலையும் புல்லும் போட்டு, பின்னால் வரும் தங்கள் கூட்டத்துக்கு வழி காட்டுவார்கள். அந்த அடையாளத்துக்கு அவர்கள் மொழியில் 'பத்ரின்' என்று பெயர். பொருள், இலை. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்தியாவை விட்டுக் கிளம்பியவர்கள் அவர்கள். சமஸ்கிருத 'பத்ர' என்ற வேரிலிருந்து வந்த சொல். நாம் நிலத்துக்கு எழுதுகிற 'பத்திர'மும் அதே வேர்தான். ஒரே இலை ரிஜிஸ்தர் ஆபீஸில் சொத்தாகிறது, முச்சந்தியில் வழியாகிறது.

இப்போது கசப்பான பகுதி.

கடற்கரை உப்பை மாட்டின் மேலும் கழுதை மேலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, தானியத்துக்கு மாற்றிக்கொண்டு போனவர்கள் குறவர் மக்கள். பாதை இல்லாத ஊருக்கும் உப்புப் போய்ச் சேர்ந்தது அவர்களால்தான். உப்பு வெள்ளைக்காரன் ஏகபோகம் ஆனது. 1860-களில் ரயில் வந்தது, போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரைக்கும் தண்டவாளம் போட்டார்கள். உப்பு ரயிலில் ஏறியது, மாடு ஓட்டியவர்கள் பிழைப்பு போனது. பிழைப்பு போனவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். நடக்கிறவன் மேல் அரசுக்குச் சந்தேகம். 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வடக்கே வந்தது, 1911-இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஒரு மனுஷனைக் குற்றவாளி என்று பதிவு செய்தார்கள். கைரேகை, தினசரி ஆஜர், ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு. மல்லாலி என்ற போலீஸ் அதிகாரி 1892-லேயே சென்னை மாகாணக் 'குற்ற வகுப்புகள்' பற்றி ஒரு புத்தகம் போட்டுவிட்டார். நாடோடிகளின் வாழ்க்கை போலீஸ் குறிப்பாகத்தான் காகிதத்தில் ஏறியது. சட்டம் நாடு முழுக்க ரத்தானது 1952-இல்தான்.

கவனித்துப் பாருங்கள். அதியமான் கல்லில் குழி வெட்டினால் அது ராஜாவின் கொடை. எங்கள் அப்பாரு தழை போட்டால் அது வண்டிக்காரர் வழக்கம். அதே தழையை வீடில்லாதவன் போட்டால் அது திருட்டுக் குறி. குறியில் வித்தியாசமே இல்லை, போட்ட ஆளில்தான். ஹோபோ கதையிலும் இதேதான். 'இந்த வீட்டில் சோறு கிடைக்கும்' என்பதே அவன் குறி. வீட்டுக்காரன் அதை 'இந்த வீட்டைக் குறி வைத்திருக்கிறான்' என்று படித்தான்.

இது பழைய கதை இல்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் நான் தடுத்திருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தை மாசம் அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை நானே கூப்பிட்டு, ஓரமாகக் கிடந்த ஆட்டாங்கல்லைக் கொத்தச் சொன்னேன். கிரைண்டர் இருக்கிற வீட்டில் அதற்குத் தேவையே இல்லை, அவருக்கும் அது தெரியும். கொத்தி முடித்ததும் கேட்டேன், "ஏனுங்க, இந்த வீட்டுக்குப் போலாம், இதுக்குப் போகவேண்டாம்னு ஏதாச்சும் அடையாளம் வெச்சுப்பீங்களா?"

சிரித்தார். "எதுக்குங்க அடையாளம்? தண்ணி குடுத்த வீடு எனக்கு மறக்காது. பையைத் திறக்கச் சொன்ன தெருவும் மறக்காது."

காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கல்லின் மேல் புதுக் குழிகள் வரிசை வரிசையாக இருந்தன.

உங்கள் ஊர்ப் பக்கம் பழைய சுமைதாங்கியோ, குழி வெட்டின மைல்கல்லோ இருந்தால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். சாலை அகலப்படுத்துகிறார்கள், ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. தெருவுக்குள் யாராவது கூவிக்கொண்டு வந்தால், முதலில் ஒரு சொம்புத் தண்ணி கொடுங்கள். கேள்வியெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.