மருந்தும் உணவும்: கர்ப்பிணித் தாய்மார் அறிந்திருக்க வேண்டியவை

வைத்தியசாலையிலிருந்து மருந்துடன் வீடு திரும்பும் எம்மில் பெரும்பாலானோர் ஒரேயொரு விடயத்தை மட்டுமே கேட்டறிந்து வருகின்றோம். சாப்பாட்டுக்கு முன்னரா, பின்னரா என்பதே அது. அந்த அறிவுறுத்தலுக்கான காரணத்தை நாம் கேட்பதுமில்லை. பலவேளைகளில் எவரும் கூறுவதுமில்லை. காரணம் அறியாத அறிவுறுத்தல் இலகுவில் கைவிடப்படுகின்றது. கருவைச் சுமக்கும் தாயொருவரின் விடயத்தில் இந்த அலட்சியம் இரு உயிர்களைப் பாதிக்கக் கூடியதாகும்.

எமது நாட்டில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் சி, கல்சியம் ஆகிய குளிசைகள் கிளினிக்குகளில் இலவசமாக வழங்கப்படுகின்றன. இவற்றில் இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் விழுங்குவது பயனற்ற செயலாகும். தேயிலையிலுள்ள தனின் என்னும் பொருள் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, அது குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுத்து விடுகின்றது. பாலும் கல்சியமும் கூட இதனைக் குறைக்கின்றன. எனவே இரும்புச்சத்துக் குளிசையை ஒரு வேளையிலும் கல்சியத்தை வேறொரு வேளையிலும் எடுத்தல் வேண்டும். குளிசைக்கு ஒரு மணித்தியாலம் முன்னரும் இரண்டு மணித்தியாலம் பின்னரும் தேநீர், கோப்பி, பால் என்பவற்றைத் தவிர்ப்பது நன்று. தேசிக்காய்ச் சாறு, தோடம்பழம், கொய்யா போன்றவை இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதற்குத் துணைபுரியும்.

வெறும் வயிற்றில் குமட்டல் ஏற்படுமாயின் இரவு உணவுக்குப் பின்னர் எடுக்கலாம். மலம் கருமையாவது இயல்பானதே. இதற்கு அஞ்சிக் குளிசையை நிறுத்திவிடுவது, குருதிச்சோகைக்கு வழிகோலும். குருதிச்சோகையுள்ள தாய்க்குப் பிரசவத்தின் போது ஏற்படும் குருதிப்போக்கு பேராபத்தாக முடியலாம்.

ஏனைய மருந்துகளுக்கும் இத்தகைய காரணங்கள் உண்டு. இபுபுரோபன், டைக்ளோபெனக் போன்ற வலி நிவாரணிகள் இரைப்பையைப் புண்படுத்துவதால் உணவுக்குப் பின்னரே எடுக்கப்படல் வேண்டும். நீரிழிவுக்கான மெற்போமின், வயிற்றுக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக உணவுடன் கொடுக்கப்படுகின்றது. தைரொயிட் குறைபாட்டுக்கான தைரொக்சின் குளிசையோ காலை உணவுக்குக் குறைந்தது அரை மணித்தியாலம் முன்னர் நீருடன் எடுக்கப்படல் வேண்டும். இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகளுக்கும் இதற்குமிடையே நான்கு மணித்தியால இடைவெளி அவசியம். நோன்பு, விரத காலங்களில் உணவை மட்டும் தவிர்த்து நீரிழிவு மருந்தை வழமைபோல் எடுப்பது, குருதியிலுள்ள சீனியின் அளவை ஆபத்தான நிலைக்குத் தாழ்த்தக்கூடும். விரதத்துக்கு முன்னரே வைத்தியரிடம் ஆலோசனை பெறுதல் வேண்டும்.

கர்ப்ப காலத்தில் மருந்தெடுப்பதில் எவ்வளவு எச்சரிக்கை தேவை என்பதை உலகுக்கு உணர்த்தியது தலிடோமைட் என்னும் மருந்தாகும். 1957 ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த இம்மருந்து, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் பயன்படுத்தப்பட்டது. 1961 இல் அது மீளப்பெறப்பட்டது. அதற்கிடையில் பல நாடுகளிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை, கால் குறைபாடுகளுடன் பிறந்ததாக மதிப்பிடப்படுகின்றது. தாய்க்குத் தீங்கற்றதாகத் தோன்றும் மருந்தொன்று சிசுவுக்குத் தீங்கிழைக்கலாம் என்பதே அந்த அவலம் புகட்டிய பாடமாகும்.

இன்றும் சாதாரணமாகப் பாவிக்கப்படும் மருந்துகள் பல கர்ப்பிணிகளுக்கு ஒவ்வாதவையாகும். உயர் குருதி அமுக்கத்துக்கான எனலப்ரில், லொசார்ட்டன் என்பன சிசுவின் சிறுநீரகங்களைப் பாதிக்கின்றன. டொக்சிசைக்கிளின் பற்களில் கறையை ஏற்படுத்தும். வலிப்புக்கான வல்புரோயேற் நரம்புக் குறைபாடுகளுக்குக் காரணமாகலாம். இருபது வாரங்களின் பின்னர் இபுபுரோபன் போன்ற வலி நிவாரணிகள் கருப்பையிலுள்ள பாய்மத்தைக் குறைக்கக்கூடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பரசிற்றமோலே பொதுவாக விதந்துரைக்கப்படுகின்றது; அதனையும் தேவையான அளவுக்கு மேல் எடுத்தலாகாது. நாட்டு மருந்து என்பதற்காக எதுவும் தீங்கற்றதாகிவிடாது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

எனினும், அச்சத்தினால் மருந்தைத் தாமாகவே நிறுத்துவது மறுபுறத்துத் தவறாகும். வலிப்பு, ஆஸ்துமா, நீரிழிவு, தைரொயிட் நோய் என்பன கட்டுப்பாடின்றிப் போகுமாயின் தாயும் சேயும் பாதிக்கப்படுவர். பொருத்தமான மாற்று மருந்தைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே. சிசுவின் முள்ளந்தண்டு நரம்புக்குழாய் கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிவிடுகின்றது. அவ்வேளையில் பலர் தாம் கர்ப்பமுற்றிருப்பதையே அறிவதில்லை. ஆதலால் இந்த ஆலோசனையும் போலிக் அமிலமும் கருத்தரிப்பதற்கு முன்னரே பெறப்படல் வேண்டும்.

வைத்தியரிடமும் மருந்தகத்திலும் "நான் கர்ப்பமாக இருக்கின்றேன்" என முதலிலேயே கூறுவதும், ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளைக் காட்டுவதும் தாய்மாரின் பொறுப்பாகும். காரணத்துடன் விளக்கிக் கூறுவது மருந்து வழங்குவோரின் பொறுப்பாகும். மருந்து உறையில் எழுதப்படுவது நோயாளிக்குப் புரியும் மொழியில் அமைதல் வேண்டும். தமிழும் அரச கரும மொழியாகவுள்ள நாட்டில் இது சலுகையன்று. வாசிக்க முடியாத அறிவுறுத்தலுடன் கொடுக்கப்படும் மருந்து, அரைகுறையாகக் கொடுக்கப்பட்ட மருந்தேயாகும் என்பதைச் சம்பந்தப்பட்டோர் உணர வேண்டுமென நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.