கறுவாப் பட்டையும் உரிப்போர் அறிவும்: கொழும்பு தரும் ஒரு வரலாற்றுச் சான்று

கொழும்பு கொச்சிக்கடையை அடுத்துள்ள புறக்கோட்டை நாட்டு மருந்துக் கடைகளில் கறுவா கேட்போர், விலை கேட்குமுன் பட்டையை ஒடித்துப் பார்ப்பர், முகர்ந்து பார்ப்பர், சிலர் நுனி நாவிலும் வைத்துப் பார்ப்பர். மருந்தின் குணம் மரத்தின் பெயரால் மட்டும் அமைவதன்று என்பதை இவ்வழக்கம் உணர்த்துகின்றது. எப்பருவத்தில், எவ்வுறுப்பை, எவ்வாறு எடுத்தனர் என்பதும் அதனைத் தீர்மானிக்கின்றது. இவ்வறிவு எவரிடமிருந்து தோன்றியது, அதன் பயனை எவர் பெற்றனர் என்பவற்றைக் கொழும்பின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே எமது நோக்கமாகும்.

முதலில் இரசாயனவியல் கூறுவதை நோக்குவோம். கறுவா மரத்தின் பட்டையிலிருந்து வடிக்கப்படும் எண்ணெயில் பெரும்பங்கு சின்னமல்டிகைட்டு ஆகும். அதே மரத்தின் இலை எண்ணெயில் கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினோல் மிகுந்துள்ளது. வேர்ப்பட்டையிலோ கற்பூரம் மேலோங்கி நிற்கின்றது. எனவே ஒரே மரம் மூன்று வேறு மருந்துகளைத் தருகின்றது எனலாம். சின்னமல்டிகைட்டை 1834 இல் தூமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் கறுவா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தனர். ஆயின் இவ்வேறுபாடுகள் அதற்கு நெடுங்காலம் முன்னரே இலங்கையில் அறியப்பட்டிருந்தன. கபுறு குருந்து, கஹட்ட குருந்து எனச் சிங்கள உரிப்போர் வழங்கிய பெயர்கள் முறையே கற்பூர மணத்தையும் துவர்ப்புச் சுவையையும் குறித்தன. ஆய்வுகூடம் பின்னர் கண்ட பாகுபாட்டின் முன்வடிவம் இப்பெயர்களிலே உள்ளது.

உரிக்கும் முறையும் அத்தகைய அறிவின் விளைவேயாகும். செந்நிறத் தளிர் பச்சையாகி முற்றியபின், மழையால் மரத்தில் சாறு ஊறியுள்ள வேளையில் கொப்புகள் வெட்டப்படும். அப்போது பட்டை மரத்திலிருந்து எளிதிற் கழன்றுவரும். ஏறத்தாழ ஈராண்டு வளர்ந்த நேரிய கொப்புகளே விரும்பப்படும். முதிர்ந்த கொப்பின் தடித்த பட்டை தரத்திற் குறைந்தது. புறத்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து, உட்பட்டையைப் பிளவுபடாமல் உரித்து, குழல்களாகச் செருகி நிழலில் உலர்த்துவர். கடும் வெயிலிற் குழல் வளையும். மணத்தைத் தரும் ஆவியாகும் எண்ணெயும் இழக்கப்படும். காற்றுப்பட்ட சின்னமல்டிகைட்டு காலப்போக்கில் சின்னமிக் அமிலமாக மாறும் என்பதனை நோக்கும்போது, குழலைச் செறிவாகச் செருகிக் கட்டுவதன் பயன் தெளிவாகும்.

இவ்வறிவைக் கொண்டிருந்தோர் பெரும்பாலும் சலாகம சாதியினர். ஒல்லாந்தர் இவர்களைச் சாலியர் என அழைத்தனர். இவர்களின் மூதாதையர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர் என்றொரு மரபும் உண்டு. 1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி, கறுவாவைத் தன் ஏகபோகமாக்கியது. அனுமதியின்றி மரத்தை வெட்டுவோர்க்கும் பட்டையை விற்போர்க்கும் மரணதண்டனை வரை விதிக்கப்பட்டது. உரிப்போர் கட்டாய ஊழியத்துக்கு உட்பட்டனர்; ஒவ்வொருவரும் செலுத்த வேண்டிய பட்டையின் நிறை குறிக்கப்பட்டது. இங்கே ஒரு முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. கம்பனி விரும்பிய தரம் பொறுமையையும் பருவத்தையும் வேண்டியது. அது விதித்த நிறைக்கணக்கோ விரைவை வேண்டியது.

1760 ஆம் ஆண்டளவிற் கரையோரத்தில் எழுந்த கிளர்ச்சியும், 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கை வரை நீடித்த கண்டியுடனான போரும் காட்டுக் கறுவாவை நம்பியிருப்பதன் இடரைக் கம்பனிக்கு உணர்த்தின. தானாக வளர்ந்த மரமே நற்பட்டை தரும் என்ற நம்பிக்கை அதுவரை நிலவியது. 1765 இல் ஆளுநரான இமான் வில்லெம் பல்க் அதனைச் சோதித்தறிய முற்பட்டார். கொச்சிக்கடைக்கு அண்மையிலுள்ள கிராண்ட்பாஸ் தோட்டத்தில் முதல் முயற்சி நடந்தது. பின்னர் மருதானையிற் பெருந்தோட்டம் எழுந்தது. பயிரிட்ட கறுவாவும் நற்பட்டை தந்தது. மரம் காட்டில் நின்றதா தோட்டத்தில் நின்றதா என்பதிலும், அது எவ்வாறு வெட்டி உரிக்கப்பட்டது என்பதே தரத்தைப் பெரிதும் நிர்ணயித்தது என நாம் கொள்ளலாம். அம்மரங்கள் மறைந்தபின்னும் கறுவாத்தோட்டம் என்ற பெயர் கொழும்பில் நிலைத்துள்ளது.

1796 இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பெற்றபின்னும் நிலைமை உடனே மாறவில்லை. சத்திரவைத்தியர்கள் பட்டையை மென்று தரம் பிரித்ததையும், நாவும் வாயும் புண்ணானமையால் இரண்டு மூன்று நாட்களுக்குமேல் அவர்களால் அதனைத் தொடர முடியாமற் போனதையும் ரொபேர்ட் பேர்சிவல் 1803 இல் வெளியிட்ட நூலிற் பதிவுசெய்துள்ளார். சுவைத்தவரின் நாப்புண் நூலில் இடம்பெற்றது. உரித்தவரின் அறிவு ஊழியக் கணக்கில் வெறும் நிறையாக மறைந்தது. இராசகாரியம் 1832 இலும் கறுவா ஏகபோகம் 1833 இலும் நீக்கப்பட்டன.

இன்று இவ்வரலாறு ஏன் வேண்டும்? மருந்து மூலிகைகளைப் பயிரிடவும் சேகரிக்கவும் உலக சுகாதார நிறுவனம் 2003 இல் நெறிமுறைகளை வெளியிட்டது. பருவம், உறுப்பு, உலர்த்தல் ஆகியவற்றுக்கு அவை தரும் முதன்மையை உரிப்போர் நடைமுறையில் என்றோ கண்டிருந்தனர். இலங்கைக் கறுவா 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டையும் பெற்றது. ஆயினும் சாதி இழிவு படிந்த இத்தொழிலுக்கு இளையோர் வர மறுக்கின்றனர். திறமைமிக்க உரிப்போர் அருகிவருகின்றனர். குறியீடு பட்டைக்குப் பெயரைத் தரலாம். பட்டையின் குணத்தைத் தருவது பருவமறிந்த கையே. அக்கைக்கு உரிய கூலியும் மதிப்பும் வழங்காத சமுதாயம் மரத்தைக் காத்தாலும் மருந்தை இழந்துவிடும் என்பதே எமது துணிபு.