பூச்சிக்கு எத்தனை மார்பு?

ஸ்கூலில் கரப்பான்பூச்சி படம் வரைந்து தலை, மார்பு, வயிறு என்று மூன்று அம்புக்குறி போட்டிருப்போம். மார்க் வாங்க அது போதும். ஆனால் ஒரு வண்டை எடுத்து வைத்துக்கொண்டு ‘இதில் மார்பு எங்கே?’ என்று கேட்டால் சிக்கல்தான். தலைக்குப் பின்னால் அகலமாக ஒரு தகடு தெரியும். அதையடுத்து கெட்டியான முன்னிறக்கைகள் கார் பானெட் மாதிரி உடம்பை மூடியிருக்கும். அந்த முதல் தகடுதான் மார்பு என்று தோன்றும். லின்னேயஸ் காலத்துப் புத்தகங்களும் வண்டைப் பொறுத்தவரை அதைத்தான் மார்பு என்று எழுதின.

அது மார்பின் மூன்று வளையங்களில் ஒன்றுதான். மற்ற இரண்டும் இறக்கைக்கு அடியில் கிடக்கின்றன. ஈயில் கதை நேர்மாறு. அங்கே மார்பாகத் தெரிவது கிட்டத்தட்ட முழுக்க நடு வளையம். ஆக, வண்டில் மார்பு என்றால் ஒன்று, ஈயில் மார்பு என்றால் வேறொன்று. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். இரண்டு டீம்கள் ஒரே வேரியபிள் பெயரை இரண்டு அர்த்தத்தில் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும். புரோகிராம் ஓடும், விடை மட்டும் தப்பாக வரும்.

1820இல் பாரிஸில் ழான் விக்டர் ஓத்வான் என்ற 23 வயது இளைஞர் அறிவியல் கழகத்தின் முன் ஓர் ஆய்வை வைத்தார். பொருள், பூச்சிகளின் மார்பு. 1824இல் அது அச்சில் வந்தது. அவர் சொன்னது சுருக்கமாக இதுதான். மார்பு மூன்று வளையம். ஒவ்வொரு வளையத்துக்கும் மேல்பக்கம், இரண்டு விலா, அடிப்பக்கம். மேலே முன்பின்னாக நான்கு தகடுகள். அவற்றில் இரண்டு ஸ்குட்டம், ஸ்குட்டெல்லம். ஸ்குட்டம் என்பது ரோமானியப் படைவீரனின் கேடயம், ஸ்குட்டெல்லம் குட்டிக் கேடயம். விலாவில் எபிஸ்டெர்னம், எபிமெரான். அடியில் ஸ்டெர்னம், அதாவது நம் நெஞ்செலும்பின் பெயர்.

வெறும் பெயர்ப்பட்டியல் என்றால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். பெயர்களுக்குப் பின்னால் ஒரு துணிச்சலான ஊகம் இருந்தது. எல்லாப் பூச்சியிலும் இருப்பது அதே பாகங்கள்தான் என்றார். ஒன்று பெருத்தால் பக்கத்தில் இருப்பது சிறுக்கும், அல்லது அதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதே, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார். வண்டில் இறக்கைகளின் நடுவே குட்டி முக்கோணமாகத் தெரியும் ஸ்குட்டெல்லம், நாவாய்ப்பூச்சிகளின் ஒரு குடும்பத்தில் வயிறு முழுவதையும் மூடுகிற ஓடாக வளர்ந்திருக்கிறது. பார்த்தால் சம்பந்தமே இல்லை. இடத்தை வைத்துப் பார்த்தால் அதேதான்.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1826இல் இங்கிலாந்தின் கிர்பியும் ஸ்பென்ஸும் தங்கள் சொற்களைக் கொடுத்தார்கள். முன்னங்கால் உள்ள பகுதி மேனிட்ரங்க், இறக்கை உள்ள பகுதி ஆலிட்ரங்க். கண்ணுக்குத் தெரிவதை வைத்து இட்ட பெயர்கள், மோசமில்லை. ஆனால் எறும்பைப் பாருங்கள். இடுப்புக்கு முன்னால் இருப்பதெல்லாம் மார்பு என்றுதான் நினைப்போம். உண்மையில் அதன் கடைசித் துண்டு, வயிற்றின் முதல் வளையம். கூட்டுப்புழுப் பருவத்தில் முன்னே வந்து மார்போடு ஒட்டிக்கொள்கிறது. குளவி, தேனீயிலும் இதே கதை. ஓத்வான் காலத்திலேயே லாத்ரெய் இதைக் கண்டுகொண்டார். அதனால்தான் எறும்பு ஆய்வாளர்கள் இன்று அந்தப் பகுதியை மார்பு என்று சொல்வதைத் தவிர்த்து மீசோசோமா என்கிறார்கள்.

ஓத்வானின் ஊகத்துக்கு மிக அழகான சோதனை ஒரு நூற்றாண்டு கழித்து வந்தது, யாரும் திட்டமிடாமல். ஈக்கு இரண்டு இறக்கைதான். பின்னிறக்கை இருக்கவேண்டிய மூன்றாம் வளையத்தில், பறக்கும்போது சமநிலை காக்கும் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். 1915இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கால்வின் பிரிட்ஜஸ் ஒரு பழ ஈயைப் பார்த்தார். அதன் குமிழ் கொஞ்சம் இறக்கையாக மாறியிருந்தது. அந்தத் திரிபுக்கு பைதோராக்ஸ், இரட்டை மார்பு, என்று பெயர் வந்தது. பிறகு கால்டெக்கில் எட்வர்ட் லூயிஸ் சில திரிபுகளை ஒன்றுசேர்த்து நான்கு இறக்கை ஈயையே உருவாக்கினார். 1995இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

அந்த ஈயின் போட்டோவைத் தேடிப் பாருங்கள். கூடுதலாக வந்தது இறக்கை மட்டும் இல்லை. மூன்றாம் வளையம் அப்படியே இரண்டாம் வளையமாகியிருக்கும். முதுகில் ஒரு ஸ்குட்டம், ஒரு ஸ்குட்டெல்லம். அதன் பின்னால் இன்னொரு ஸ்குட்டம், இன்னொரு ஸ்குட்டெல்லம். ‘வளையங்கள் எல்லாம் ஒரே அச்சின் வார்ப்புகள்’ என்ற ஊகம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது.

ஓத்வான் 1841இல், 44 வயதில் இறந்துபோனார். ஜீன் என்ற வார்த்தையே அப்போது கிடையாது. அவருடைய விவரங்களில் பல பின்னால் திருத்தப்பட்டன, எல்லாப் பூச்சியிலும் நான்கு தகடு என்று இன்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. ஆனாலும் ஸ்குட்டம், எபிமெரான் எல்லாம் இன்றைய பாடநூல்களில் அப்படியே இருக்கின்றன. ‘இதுவும் அதுவும் ஒன்று’ என்று ஒரு பெயர் சொல்லும்போது, தப்பு என்று நிரூபிக்கப்படும் ஆபத்தையும் அது ஏற்றுக்கொள்கிறது. அப்படி ஆபத்தை ஏற்காத பெயர்கள் என் கோடில் நிறைய இருக்கின்றன. டேட்டா, டெம்ப், டெம்ப் டூ.