கமீல் குளோடலும் வெண்கலத்தின் விலையும்

1988 ஆம் ஆண்டு வெளிவந்த ‘கமீல் குளோடல்’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படம், இளம் பெண் சிற்பி ஒருவர் பாரிஸ் நகரத்துக் குழியொன்றினுள் இரவிலே இறங்கிக் களிமண் அள்ளும் காட்சியுடன் தொடங்குகிறது. புரூனோ நுயித்தன் இயக்கிய இப்படம், அதன் பின்னர் ரோடினுடனான காதலையே பெரிதும் பின்தொடர்கிறது. எனினும், வரலாற்று நோக்கில் அம் முதற் காட்சியே கூடிய முக்கியத்துவமுடையதென நாம் கருதுகிறோம்.

களிமண் மலிவானது. அதில் உருவானதைச் சாந்தில் வார்த்தெடுப்பதும் பெருஞ் செலவன்று. வெண்கலத்துக்கும் பளிங்குக்குமோ மூலதனம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் அதனை அரசும் செல்வந்தரும் சங்கங்களுமே வழங்கின. ‘நரகத்தின் வாயில்’ என்னும் பணியை 1880 இல் அரசு ஒப்படைத்த பின்னரே ரோடினின் பட்டறை விரிவடைந்தது. அங்கு பளிங்கைச் செதுக்கியோர் பெரும்பாலும் கூலிபெற்ற உதவியாளரே. பின்னாளிற் புகழ்பெற்ற பூர்டெலும் அவர்களுள் ஒருவர். கையொப்பம் மட்டும் ரோடினுடையது. 1864 இற் பிறந்த கமீல் இப்பட்டறையில் உழைப்பாளியாகவே நுழைந்தார். பாரிஸ் நுண்கலைக் கல்லூரியோ 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை.

ரோடினைப் பிரிந்தபின் அவர் ஆக்கிய ‘முதிர்ச்சி’, முதியவள் ஒருத்தி இட்டுச் செல்லும் ஆடவனையும், மண்டியிட்டுக் கைநீட்டும் இளம் பெண்ணையும் கொண்டது. இதனை முக்கோணக் காதற் கதையாக மட்டும் வாசிப்போர் பலர். சாந்து வடிவத்தை 1895 இற் கோரிய அரசு, வெண்கல வார்ப்புக்கான ஏற்பாட்டை 1899 இல் இரத்துச் செய்தமை அவ்வாசிப்பில் மறைந்துபோகிறது. 1902 இல் தனியார் ஒருவரின் செலவிலேயே அது வெண்கலமாயிற்று.

ஜாக் டுவாயோனின் ‘ரோடின்’ (2017) திரைப்படம் விரிவாகக் காட்டும் பால்சாக் சிலையை ஈண்டு ஒப்புநோக்கலாம். எழுத்தாளர் சங்கம் 1891 இல் ஒப்படைத்த அச்சிலை, 1898 இற் சாந்தில் வைக்கப்பட்டபோது அச்சங்கத்தாலேயே நிராகரிக்கப்பட்டது. அது பாரிஸ் வீதியில் வெண்கலமாக நின்றது 1939 இலேதான். ஆயின் ரோடினுக்கு வேறு பணிகளும் புரவலரும் இருந்தனர், பட்டறை நிற்கவில்லை. கமீலுக்கு இருந்த நிலையான ஆதரவு தந்தையின் பணமே.

வறுமையும் நோயும் மிகுந்த ஆண்டுகளில் கமீல் தம் சிற்பங்கள் பலவற்றைத் தாமே சுத்தியலால் உடைத்தார். 1913 மார்ச்சில் தந்தை இறந்தார். சில நாட்களுள், குடும்பத்தாரின் வேண்டுகோளின்பேரில் கமீல் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். 1943 இல் இறக்கும்வரை அவர் வெளியே விடப்படவில்லை. இம் முப்பது ஆண்டுகள் 1988 ஆம் ஆண்டுப் படத்தின் கதைக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. அவற்றுள் 1915 இன் சில நாட்களைப் புரூனோ டூமோன் 2013 இற் படமாக்கினார்.