அகலப் பாதையும் அப்பாவின் ஐந்தரை அடியும்

எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு ரயில் ஓடுகிறது. ஆறடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை. அதன் மேல் ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு லூப் லைன், ஒரு சரக்கு ஷெட், ஒரு வாய்க்கால், அதைக் கடக்க ஒரு பாலம். 2011-ல் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றேன். மறு வருடம் இந்த வேலையை ஆரம்பித்தேன். இன்னும் முடியவில்லை. முடியக்கூடிய வேலையும் இல்லை.

போன மாதம் அந்தப் பாலத்தைப் பிய்த்துவிட்டு மறுபடி கட்டினேன். "பாலம் நல்லாத்தானே இருந்தது?" என்று மனைவி கேட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தப்பாக இருந்தது. அந்தத் தப்பைச் சொல்ல 150 வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன். குவார்ட்டர்ஸ் பிளாட்பாரத்தை ஒட்டியே இருந்தது. வண்டிச் சத்தத்தில்தான் அக்காவும் நானும் வளர்ந்தோம். நிற்காமல் போகும் வண்டிக்கு அப்பா பிரம்பு வளையத்தில் டோக்கனை மாட்டித் தூக்கிப் பிடிப்பார். எஞ்சினில் இருப்பவர் கையை வளையத்துக்குள் விட்டு எடுத்துக்கொண்டு போவார். டோக்கன் இல்லாமல் அடுத்த ஸ்டேஷன் வரை வண்டி போகக் கூடாது. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி எதிரும் புதிருமாக வராமல் காத்தது அந்த வளையம்தான்.

அந்த ஸ்டேஷனைத்தான் பலகையில் கட்ட நினைத்தேன். வருடம் 1965 என்று வைத்துக்கொண்டேன். மாடல் ரயிலில் முதலில் முடிவு செய்ய வேண்டியது வருடம். அடுத்தது கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவிலுள்ள தூரம். எங்கள் ஊர்ப் பாதை மீட்டர் கேஜ், சரியாக 1,000 மில்லிமீட்டர்.

உலகம் முழுக்க அதிகம் பேர் வைத்திருக்கும் மாடல் ரயில் எச்.ஓ. அளவு. நிஜத்தில் 87 பங்கு என்றால் மாடலில் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் 1,435 மில்லிமீட்டர் பாதையை 87-ஆல் வகுத்தால் அதுதான் வரும். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், வகுத்தால் 19.3 வரும். கடைத் தண்டவாளம் நம் பிராட் கேஜுக்குக் குறுகல், மீட்டர் கேஜுக்கு அகலம். எதற்கும் பொருந்தாது.

மீட்டர் கேஜுக்கு 11.5 வேண்டும். அதற்குப் பக்கத்தில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இருக்கிறது என்று ஜெர்மனியில் இருக்கும் மகள் கண்டுபிடித்து அனுப்பினாள். கூடவே 120-ல் ஒரு பங்கு அளவில் செய்த ஒரு ஜெர்மன் நீராவி எஞ்சினும் வந்தது. நிஜ எஞ்சினின் பெரிய சக்கரம் 2 மீட்டர், மாடலில் 16.7 மில்லிமீட்டர். எங்கள் ஸ்டேஷனில் நான் ஆசையாகப் பார்த்த ஒய்.பி. எஞ்சினின் பெரிய சக்கரம் 4 அடி 6 அங்குலம். 87-ஆல் வகுத்தால் 15.8. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஜெர்மன் எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, அட்டையில் ஒய்.பி. கூடு செய்து மாட்டினேன்.

பெட்டிகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. ஓட்டுக்கூரைக்கு நெளி அட்டை. பனைமரத்துக்கு ஈர்க்குச்சி. ஜல்லிக்கு மணலைச் சலிக்க சமையலறை டீ வடிகட்டியை எடுத்தேன். அது திரும்பப் போகவில்லை. சலித்த மணலைத் தண்டவாளத்துக்கு நடுவில் தூவி, பெவிகாலில் தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும்.

முதல் வருடம் வண்டி பலகையின் ஒரு மூலைக்குப் போனால் நொண்டியது. தண்டவாள இணைப்புகள் வழியாக மின்சாரம் போய்ச் சேரும்போது தேய்ந்துவிடுகிறது. இரண்டடிக்கு ஒரு இடத்தில் பலகைக்குக் கீழிருந்து தனி ஒயர் கொடுத்து சால்டர் செய்தேன். நொண்டல் நின்றது. வாரத்துக்கு ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளத்தைத் துடைத்தால் போதும்.

இதெல்லாம் கை வேலை. இனி வரலாறு.

இந்தியாவுக்கு அகலப் பாதை வேண்டும் என்று முடிவு செய்தது டல்ஹவுசி பிரபு காலத்தில். ஐந்தரை அடி. பம்பாய்–தாணே வண்டி 1853-லும், நம் ராயபுரம்–வாலாஜா ரோடு வண்டி 1856-லும் அந்த அகலத்தில்தான் ஓடின. பாதை போட்டவை லண்டன் கம்பெனிகள். போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி கட்டாயம் என்று சர்க்கார் உத்தரவாதம் கொடுத்திருந்தது. லாபம் வராவிட்டாலும் வட்டி வரும் என்றால் யார் சிக்கனம் பார்ப்பார்கள்? செலவு ஏறியது. ஏறிய செலவு நம் ஜனங்களின் வரிப்பணம்.

1869-க்குப் பிறகு சர்க்கார் தானே பாதை போட இறங்கியது. அப்போதுதான் மலிவான வழி தேடினார்கள். வைஸ்ராய் மேயோ பிரபு 1870-ல் குறுகிய பாதைக்குச் சம்மதித்தார். மூன்றே கால் அடி வாக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் மெட்ரிக் அளவு வரப்போகிறது என்ற எண்ணம் அப்போது இருந்ததால், ஒரு மீட்டர் என்று முழுசாக வைத்துக்கொண்டார்கள். மெட்ரிக் முறை நம் நாட்டுக்குச் சட்டமாக வந்தது 1956-ல்! மேயோ 1872-ல் அந்தமானில் குத்திக் கொல்லப்பட்டார். முதல் மீட்டர் கேஜ் பாதை டில்லிக்கும் ரேவாரிக்கும் நடுவில் மறு வருடம்தான் திறந்தது. அவர் பார்க்கவில்லை.

இதுவரை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பாதையும் அப்படிப் பிறந்த மீட்டர் கேஜ்தான் என்று 60 வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

1992-ல் யூனி கேஜ் திட்டம் வந்தது. நாடு முழுக்க ஒரே அகலம். அடுத்த வருடம் என்று நினைக்கிறேன், பேப்பரில் எங்கள் பக்கத்துப் பாதையைப் பற்றியும் பேச்சு வந்தது. எனக்குக் கோபம். மீட்டர் கேஜ் போனால் ஸ்டேஷன் போகும், டோக்கன் போகும், என் சின்ன வயசு போகும் என்று பொருமினேன். அப்பாவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. ஈஸிசேரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு வருத்தமா இல்லியாப்பா? 38 வருஷம் வேலை பார்த்த பாதை."

"இது முன்னே அகலமாத்தான்டா இருந்துது. நடுவுல குறுக்கினாங்க. இப்ப திரும்பி வருது. அஞ்சரை அடி, என் உயரம்," என்று சிரித்தார். அப்பா சரியாக ஐந்தரை அடி. தான் குறுக்கே படுத்தால் பிராட் கேஜ் என்பது அவருடைய பழைய ஜோக்.

"யாருப்பா சொன்னது உங்களுக்கு?"

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இருந்த கேங் மேஸ்திரி சொன்னாரு. அவங்க அப்பா அந்த வேலையில இருந்தாராம்."

"சும்மா உளறாதீங்கப்பா" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. 1996-ல் அப்பா காலமானார்.

போன வருடம் சரக்கு ஷெட்டைத் திருத்தலாம் என்று பழைய படங்கள் தேடி நூலகத்துக்குப் போனேன். தென்னிந்திய ரயில்வேயின் வரலாறு ஒன்று கையில் கிடைத்தது. அதில் இருந்தது இதுதான். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-ல் ரயில் ஓடியது. மறு வருடம் திருச்சி வரை நீண்டது. போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி. போட்ட அகலம் ஐந்தரை அடி! 1874-ல் அந்தக் கம்பெனி கர்நாடிக் ரயில்வேயோடு சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. திருச்சிக்குத் தெற்கே தூத்துக்குடி வரை புதிதாகப் போட்டது மீட்டர் கேஜ். இரண்டு அகலம் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று, 1875 வாக்கில் நாகப்பட்டினம் பாதையையும் குறுக்கிவிட்டார்கள்.

நூலகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா உளறவில்லை. வங்கியில் பெரிய வேலை பார்த்த மகனுக்குத் தெரியாத சரித்திரம் பாயிண்ட்ஸ்மேனுக்குத் தெரிந்திருந்தது. மேஸ்திரியின் அப்பா, மேஸ்திரி, என் அப்பா என்று மூன்று தலைமுறை வாய்ச்சொல்லாக வந்தது, என்னிடம் வந்தபோது நின்றுவிட்டது.

அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு 80 நடக்கிறது.

"அப்பா சொல்லியிருக்காருடா. பாலத்துல காட்டியே சொன்னாரு. வாய்க்கா பாலத்துச் செங்கல் சுவரு எவ்வளவு அகலம்! தண்டவாளம் நடுவுல ஒல்லியா கெடக்கும். ரெண்டு பக்கமும் செங்கல்லு சும்மா கெடக்கும். அதுல உக்காந்துதானே நாம நுங்கு திம்போம்? மறந்துட்டியா தம்பி?"

மறக்கவில்லை. நுங்கு நினைவிருந்தது. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தது நினைவிருந்தது. கீழே வாய்க்கால் தண்ணீர் நினைவிருந்தது. பாலத்தின் ஓரத்தில் உட்கார அவ்வளவு இடம் ஏன் இருந்தது என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

நான் பலகையில் கட்டியிருந்த பாலம் மீட்டர் கேஜுக்கு அளந்து வைத்த, ஒடுக்கமான, அழகான பாலம். உட்கார இடம் இல்லாத பாலம்.

அதைத்தான் போன மாதம் பிய்த்தேன். புதுச் சுவர்களை அகலப் பாதை தாங்குகிற மாதிரி வெட்டினேன். சன்போர்டில் செங்கல் கோடுகளைத் துரு ஏறிய ஊசியால் கீறினேன். காவியும் கருப்பும் கலந்து பூசி, ஈரத்துணியால் பாதியைத் துடைத்தெடுத்தால் பழைய செங்கல் ஆகிவிடுகிறது. தண்டவாளத்தை நடுவில் வைத்தேன். இரண்டு பக்கமும் செங்கல் சும்மா கிடக்கிறது.

எங்கள் பாதை 2000-க்குப் பிறகு மறுபடி அகலப் பாதையாயிற்று. குறுக்கியபோதும் ஸ்டேஷன்களில் யாருக்காவது வயிறு எரிந்திருக்கும். அகலமான பெட்டியில் போய்ப் பழகியவர்கள் இந்தக் குட்டி வண்டியைப் பார்த்துச் சலித்துக்கொண்டிருப்பார்கள். நான் மீட்டர் கேஜைப் பழமை என்று நினைத்து அழுதேன். அதுவே ஒரு காலத்தில் புதுசாக வந்து பழசைத் தள்ளிய ஒன்று. அப்பாவுக்கு அது தெரிந்திருந்ததால்தான் அவரால் சிரிக்க முடிந்தது. அதற்காக, போனது போகட்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த பிரம்பு வளையம் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. எதை இழந்தோம் என்று சரியாகத் தெரிந்துகொண்டு வருத்தப்பட வேண்டும், அவ்வளவுதான்.

பிளாட்பார முனையில் அப்பாவின் பொம்மை நிற்கிறது. பல்குச்சியைச் செதுக்கிச் செய்தது. கையில் செப்புக் கம்பி வளையம். ஐந்தரை அடியை 87-ஆல் வகுத்து, 19.3 மில்லிமீட்டர் உயரம் வைத்தேன். பாலத்தில் தண்டவாளம் ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் பொம்மையை எடுத்துச் சுவரின் குறுக்கே ஒரு தடவை படுக்க வைத்துப் பார்த்தேன். தலைப் பக்கமும் கால் பக்கமும் இடம் மிச்சம் இருந்தது.

பிறகு எடுத்து அவர் இடத்தில் நிறுத்திவிட்டு, வண்டியை விட்டேன். பாலத்தில் மெதுவாகத்தான் போனது.

இன்னொரு பொம்மை பாக்கி இருக்கிறது. இரண்டு பிள்ளைகள், பாலத்து ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு. நுங்கை எப்படிச் செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.